செகண்ட் ஹேண்ட் கேமன்: பிஏஎஸ்எம் உள்ளதை வாங்கலாமா?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். 2018 மாடல் போர்ஷே 718 கேமன் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2 லிட்டர், பிடிகே என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். முதல் காரில் பிஏஎஸ்எம் அடாப்டிவ் சஸ்பென்ஷன் (ஓட்டத்துக்கு ஏற்ப ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைத் தானே மாற்றும் அமைப்பு) உண்டு, 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டாவதில் அது கிடையாது. ஆனால் 22,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, விலையும் 4 லட்சம் குறைவு. ‘வேண்டுமானால் பிஏஎஸ்எம்மைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்கிறார் விற்பவர். வருடத்துக்கு மூன்று நான்கு முறை இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் சொந்தக் காரை ஓட்டவிடும் டிராக் டேக்குப் போக ஆசை. டிரெய்லர் கிடையாது. ஓட்டியே போய் ஓட்டியே திரும்புவேன். எதை வாங்கலாம்? ஸ்போர்ட் மோடில் வைத்து ஓட்டினால் முன் டயரின் வெளி ஓரம் தேய்வது குறையுமா?

பதில்: முதல் காரை வாங்குங்கள். ஒரே நிபந்தனை, அதன் நான்கு ஷாக்கும் நல்ல நிலையில் இருக்கவேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

இந்த முடிவுக்குக் காரணம் டிராக் அல்ல, ‘ஓட்டியே போய் ஓட்டியே திரும்புவேன்’ என்று நீங்கள் எழுதிய வரிதான். திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாகப் போனால் ஒரு வழிக்கே சுமார் 140 கி.மீ. ஆகும். டிராக்கில் 20 நிமிட செஷன் நான்கு கிடைத்தால், 3.7 கி.மீ. நீளமுள்ள அந்தச் சுற்றில் 35 சுற்று ஓட்டுவீர்கள். அது 130 கி.மீ. டிராக் டே அன்றுகூட, டிராக்கில் ஓடுவதைப்போல் இரண்டு மடங்கு தூரம் சாலையில்தான் ஓடப்போகிறது உங்கள் கார். மற்ற நாட்களில் ஈசிஆரும் நூறடி ரோடும்தான். பிஏஎஸ்எம் தன் விலைக்கு வேலை செய்வது அங்கே.

நார்மல், ஸ்போர்ட் என்று மாற்றும் பிஏஎஸ்எம் பட்டன் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்தால் உங்கள் டயர் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். ஷாக்கின் உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் ஒரு வால்வு வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறுகிறது. அந்த வழியின் அகலத்தை மின்சாரத்தால் கூட்டிக் குறைப்பதுதான் அடாப்டிவ் ஷாக். பாடி மேலும் கீழும் ஆடும் வேகம், ஸ்டீயரிங் திருப்பிய கோணம், பிரேக் அழுத்தம் இவற்றையெல்லாம் பார்த்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் கண்ட்ரோல் யூனிட் தனித்தனியாக முடிவெடுக்கிறது. ஆடி டிடியில் வருவது வேறு வகை. அதில் இரும்புத் துகள் கலந்த எண்ணெய், காந்தப்புலம் பட்டதும் கெட்டியாகிறது. இரண்டிலும் மாறுவது ஒன்றே ஒன்றுதான்: ஷாக் எவ்வளவு தடுக்கிறது என்பது. ஸ்பிரிங்கின் பலமும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரின் தடிமனும் மாறுவதில்லை, சக்கரத்தின் கோணமும் மாறுவதில்லை.

ஷாக் என்பது அசைவின் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும். கார் ஒரு வளைவுக்குள் சாயத் தொடங்கும் அந்த அரை நொடியிலும், இடமிருந்து வலமாகச் சட்டென்று எடை மாறும்போதும், பிரேக்கில் மூக்கு கீழே போகும்போதும் ஸ்போர்ட் மோடின் வித்தியாசம் கையில் தெரியும். நீளமான வளைவில் கார் சாய்ந்து நிலைத்த பிறகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும்தான். அங்கே நார்மல் ஆனாலும் ஸ்போர்ட் ஆனாலும் சாய்வு ஒன்றே. முன் டயரின் வெளி ஓரம் தேய்வதும் அந்தச் சாய்வில்தான். ஆகவே ஸ்போர்ட் மோடு உங்கள் டயரைக் காப்பாற்றாது. அதற்கு வேண்டியது கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது முதல் காரைச் சோதிக்கும் விதம். 46,000 கி.மீ. நம் சாலைகளில் ஓடிய ஷாக் நடுவயதைத் தாண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டைக் கையால் அமுக்கிவிட்டு ‘ஒரு தடவைதான் ஆடுகிறது, ஷாக் நல்லா இருக்கு’ என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். என்ஜின் அணைந்திருக்கும்போது வால்வுக்கு மின்சாரமே போவதில்லை, அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது.

காரை லிஃப்டில் ஏற்றி நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். ஒரு டார்ச்சும் வெள்ளைத் துணியும் போதும். ஷாக்கின் ராடு உள்ளே நுழையும் இடத்துக்குக் கீழே உடம்பைப் பாருங்கள். மெல்லிய ஈரப் படலம், அதன்மேல் காய்ந்த புழுதி என்றால் பயமில்லை, சீல் கொஞ்சம் வியர்ப்பது இயல்பு. புழுதி சேறுபோல் குழைந்து, துணியால் துடைத்தால் எண்ணெய் ஒட்டி, கீழ்ப் போல்ட் வரை வழிந்திருந்தால் அந்த ஷாக் முடிந்துவிட்டது. ரப்பர் பூட்டை மேலே தூக்கி உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப்பையும் (ஷாக் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் துண்டு) பாருங்கள். அது பொடிப்பொடியாக உதிர்ந்தால், கார் பலமுறை பள்ளத்தில் முழு அமுக்கம் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அதே இடத்தில் ஷாக்குக்குப் போகும் வயரைத் தேடுங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை, ஏமாற்றம் நடப்பதும் பெரும்பாலும் இங்கேதான். அடாப்டிவ் ஷாக் கெட்டுப்போனால் விலை அதிகம் என்று, சிலர் சாதாரண ஷாக்கைப் போட்டுவிட்டு, கனெக்டரில் ஒரு ரெசிஸ்டர் அல்லது சிறு மாட்யூலை மாட்டிவிடுவார்கள். கண்ட்ரோல் யூனிட் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் எச்சரிக்கை வராது, பட்டனை அமுக்கினால் விளக்கும் எரியும். வயர் நேராக ஷாக்கின் உடம்புக்குள் போகிறதா, அல்லது மூட்டை கட்டி டேப் சுற்றி எங்காவது மடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று நான்கு மூலையிலும் கண்ணால் பாருங்கள். வெளிச்சந்தை ஸ்பிரிங் போட்டுக் காரின் உயரத்தை இறக்கியிருந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும். கம்பெனி ஸ்பிரிங்கில் வண்ணக் கோடுகள் இருக்கும், இடது வலது இரண்டிலும் ஒத்துப்போகவேண்டும்.

நம் ஊர்க் காருக்கே உரிய சோதனை ஒன்றும் உண்டு. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வளர்ந்த கார் என்றால் உப்புக்காற்று முதலில் பிடிப்பது கனெக்டரின் பின்களை. கனெக்டரைக் கழற்றினால் செம்பில் பச்சை பூத்திருப்பது தெரியும். இக்னிஷனை அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் ஒவ்வொரு ஷாக்கின் காயிலிலும் ஓம் அளவை எடுக்கச் சொல்லுங்கள். முன் இரண்டும் தங்களுக்குள், பின் இரண்டும் தங்களுக்குள் ஒத்துப்போகவேண்டும். ஒன்று மட்டும் எல்லையில்லாமல் காட்டினால் உள்ளே காயில் அறுந்திருக்கிறது. கனெக்டரின் பின்களில் மட்டும் பச்சை பிடித்திருந்தால் கவலை இல்லை. கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினால் போதும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரத்தில் நின்ற தண்ணீர் உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக் கார் என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளமும் கணக்கில் வரும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, ரெயிலின் போல்ட் துருவேறியிருக்கிறதா, கார்ப்பெட்டின் அடியில் வண்டல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்று தெரிந்தால் ஷாக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் கரடாகிப்போன ஒரு 200 மீட்டர் துண்டைத் தேர்ந்தெடுத்து, 40 கி.மீ. வேகத்தில் ஒருமுறை நார்மலிலும் ஒருமுறை ஸ்போர்ட்டிலும் போங்கள். நல்ல நிலையில் இருந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். தெரியவில்லை என்றால் மேலே சொன்ன ரெசிஸ்டர் வேலை நடந்திருக்கலாம், அல்லது ஷாக் தேய்ந்திருக்கலாம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒற்றை ஒலி வந்தால், ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்ட்டைச் சந்தேகியுங்கள். கடைசியாக, காரின் கணினியைச் சோதிக்கும் போர்ஷேயின் பிவிஸ் கருவியில் எல்லா யூனிட்டின் ஃபால்ட் பதிவையும் அச்செடுத்துக் கேளுங்கள். அதே அச்சில் என்ஜின் எத்தனை முறை எந்த ஆர்பிஎம் எல்லையைத் தாண்டியது என்ற பதிவும் வரும். அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஷாக் போயிருந்தால் அந்த ஆக்சிலின் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதியதும் பழையதும் ஜோடி சேர்ந்தால் பிரேக்கில் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே பேரத்தை ஒற்றை ஷாக்கின் விலையில் பேசாதீர்கள், ஜோடியின் விலை, மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், அலைன்மென்ட் கூலி எல்லாம் சேர்த்துப் பேசுங்கள். நான்கும் போயிருந்து விற்பவர் இறங்கி வரவில்லை என்றால் இரண்டாவது காருக்குப் போய்விடலாம்.

அந்த இரண்டாவது காரில் ‘பிஏஎஸ்எம்மைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நம்பவேண்டாம். நான்கு ஷாக்கும் ஸ்பிரிங்கும் மட்டும் போதாது. கண்ட்ரோல் யூனிட், பாடியில் சென்சார்கள், முழு வயரிங், சென்டர் கன்சோலில் பட்டன், எல்லாவற்றுக்கும் மேல் காரின் கணினியில் கோடிங் வேண்டும். இவ்வளவும் செய்து முடிக்கும்போது 4 லட்சம் மிச்சம் என்ற கணக்கு எங்கோ போயிருக்கும். பிஏஎஸ்எம் இல்லாத காரை வாங்கினால் அதை அப்படியே ஏற்று, தேவைப்படும்போது பில்ஸ்டீன், ஓலின்ஸ், கேடபிள்யூ போன்றவர்களின் கையால் திருகும் காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும் செட்) போட்டுக்கொள்வதே சரி. டிரெய்லர் இருந்திருந்தால் அந்த வழியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் கையால் திருகும் செட்டிங்கை இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு மாதிரி, காலாப்பட்டு வேகத்தடைக்கு ஒரு மாதிரி என்று ஒவ்வொரு முறையும் குனிந்து மாற்ற எத்தனை நாள் பொறுமை இருக்கும்?

உயரத்தையும் கவனியுங்கள். 718இல் சாதாரண பிஏஎஸ்எம் வந்தாலே கார் 10 மி.மீ. தாழ்கிறது. அது சமாளிக்கக்கூடியது. எஸ் மாடலில் 20 மி.மீ. தாழ்ந்த பிஏஎஸ்எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் உண்டு. தேடும்போது அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஆசைப்படாதீர்கள். முன் பம்பரின் அடி ஒவ்வொரு தெருமுனையிலும் உரசும்.

நீங்கள் கேட்காதது ஒன்று, ஆனால் டிராக்குக்கு பிஏஎஸ்எம்மைவிட முக்கியமானது: பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலில் லாக் இருக்கிறதா? போர்ஷே ஆப்ஷன் பட்டியலில் அது பிடிவி என்ற பெயரில் வரும். அது இல்லாத காரில், இறுக்கமான வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கப் பின் சக்கரம் எடை குறைந்து வெறுமனே சுற்றும், கணினி பிரேக் போட்டு அதை அடக்கும். அதில் நேரமும் போகும், பின் பிரேக்கும் சூடாகும். இரண்டு காரின் ஆப்ஷன் பட்டியலையும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் வாங்குங்கள். பிஏஎஸ்எம்மின் குறியீடு 475, பிடிவியின் குறியீடு 220. இரண்டாவது காரில் 220 இருந்து முதலாவதில் இல்லை என்றால் என் தீர்ப்பு மாறாது, ஆனால் முதல் காருக்கு அதிகம் கொடுக்கத் தயங்குவேன்.

வாங்கியபின் முதல் செலவு கேம்பருக்கு. கம்பெனி அளவில் 718இன் முன் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கிறது, அரை டிகிரியை ஒட்டிய நெகட்டிவ் கேம்பர்தான். மேல் மவுண்ட்டில் உள்ள நீள்துளையில் ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) முழுக்க உள்ளே தள்ளினால் ஒரு டிகிரி பக்கம் வரும். டிராக்குக்கு இரண்டு டிகிரியாவது வேண்டும். அதற்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து நீட்டக்கூடிய கீழ் கன்ட்ரோல் ஆர்ம் ஒரு ஜோடி முன்பக்கத்துக்குப் போடவேண்டும். பிஏஎஸ்எம்மை அது தொடுவதில்லை, சாலையிலும் காரின் சொகுசு குறையாது. கேம்பரை மாற்றினால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும், ஆகவே கடைசியில் டோவைத் திரும்ப அமைக்காமல் காரை எடுக்காதீர்கள். முன்பக்க டோ பூஜ்யத்தை ஒட்டி, பின்பக்கம் கம்பெனி அளவே இருக்கட்டும். உங்கள் எடைக்கு ஈடாக டிரைவர் சீட்டில் மணல் மூட்டை வைத்து, பாதி டேங்க் பெட்ரோலுடன் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியா தவறா என்று டயரே சொல்லும். பக்கவாட்டில், டிரெட் முடியும் ஓரத்தில் சிறிய முக்கோணக் குறி ஒன்று வார்த்திருப்பார்கள். செஷன் முடிந்ததும் கார் நின்ற இடத்திலேயே குனிந்து பாருங்கள். தேய்மானத்தின் கறுப்பு அந்த முக்கோணத்தின் நுனியைத் தொட்டு நின்றால் நல்லது. முக்கோணத்தையே அழித்துக் கீழே இறங்கியிருந்தால் காற்று குறைவு அல்லது கேம்பர் போதாது. குத்திப் பார்க்கும் டயர் தெர்மாமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. உள், நடு, வெளி மூன்றையும் குத்திப் பாருங்கள். உள் ஓரம் வெளி ஓரத்தைவிட 5 முதல் 10 டிகிரி அதிகமாக இருக்கவேண்டும். வெளி ஓரம் சூடாக இருந்தால் கேம்பர் போதாது, நடு மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம்.

காற்றைப் பொறுத்தவரை, காலையில் 29 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். நான்கைந்து சுற்றில் 35ஐத் தாண்டிவிடும். உள்ளே வந்ததும் சூட்டோடு 33–34க்கு இறக்குங்கள். அடுத்த செஷனுக்கு முன் ஆறியபிறகு அளந்து ‘குறைஞ்சுபோச்சே’ என்று மறுபடி ஏற்றிவிடாதீர்கள், அந்தத் தவறு ஒவ்வொரு டிராக் டேயிலும் நடக்கிறது. இரண்டு காரில் ஒன்றில் 20 இன்ச் வீல் இருந்தால், முடிந்தால் 19க்கு மாறுங்கள். முன் 235/40, பின் 265/40. பக்கச்சுவர் கொஞ்சம் உயரம், பள்ளத்தில் ரிம் தப்பிக்கும். வீல் போல்ட்டை 160 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சில் முறுக்கி, முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

பிரேக் ஆயிலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும், பிஏஎஸ்எம் அங்கே ஒன்றும் செய்யாது. டிராக் டேக்கு முந்தைய வாரம், 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ஆயிலாக மாற்றிவிடுங்கள். பிரேக் பேடு பாதிக்குமேல் இருக்கவேண்டும். வழக்கமான கார் இன்ஷூரன்ஸ், பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்தை ஏற்பதில்லை. பாலிசியைப் படித்துவிட்டுப் போங்கள்.

டிராக்கில் முதல் செஷனை நார்மலிலேயே ஓட்டுங்கள். ஸ்போர்ட் குரோனோ என்ற ஆப்ஷன் உள்ள காரில் ஸ்டீயரிங் டயலை ஸ்போர்ட் பிளஸ்ஸுக்குத் திருப்பினால் பிஏஎஸ்எம்மும் தானாகவே இறுக்கமாகிவிடும். கன்சோல் பட்டனை ஒருமுறை அமுக்கினால் ஷாக் மட்டும் நார்மலுக்கு வந்துவிடும், என்ஜினும் கியர்பாக்ஸும் ஸ்போர்ட் பிளஸ்ஸிலேயே இருக்கும். பலருக்கு இந்த வசதி தெரியாது. பாதை ஓரத்து மேடான கெர்பில் ஏறும் இடத்திலும், பிரேக் போடும் பகுதியில் தார் அலையாக இருக்கும் இடத்திலும் இறுக்கமான ஷாக் டயரைத் தரையிலிருந்து துள்ளவிடும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு கிடையாது, ஏபிஎஸ் சீக்கிரமே தலையிடும். நார்மலில் ஏபிஎஸ் தாமதமாகத் தலையிட்டால் அந்த வளைவுக்கு நார்மலே வேகம். தார் வழவழப்பாக இருந்து, அடுத்தடுத்து இடம் வலம் திரும்பும்போது கார் ஒரு நொடி பின்தங்கி வருவதுபோல் தோன்றினால் ஸ்போர்ட்டுக்கு மாறுங்கள். ஒரே செஷனுக்குள் மாற்றிக்கொண்டே இருந்தால் எது உதவியது என்று புரியாது. ஒரு செஷன் இது, அடுத்த செஷன் அது, வெயில் ஏறுவதற்குள் இரண்டையும் முடித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி செஷனில் முடிவில் இரண்டு சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடவேண்டாம், பிடிகேயை பார்க்கில் வைத்தால் போதும். ஒரு மணி நேரம் கழித்து நான்கு டயரிலும் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றி, ஷாக்கின் வயரும் போல்ட்டும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பட்டனை நார்மலுக்கு அமுக்கிக்கொண்டு ஒரகடம் பக்கம் திரும்புங்கள்.